மனோதர்மமும் ஜாஸ் இசையும்



கற்பனையைக் கற்பிக்க முடியுமா என்பது ஆசிரியத் தொழிலில் இருப்போர் எல்லாரும் என்றேனும் ஒரு நாள் எதிர்ப்படும் கேள்வி. கணக்கைக் கற்பிக்கலாம், இலக்கணத்தைக் கற்பிக்கலாம், கற்பனை மட்டும் பிறவியிலேயே வரவேண்டும் என்று பலர் சொல்வர். அவ்வாறு சொல்லிக் கைவிடப்பட்ட பிள்ளைகளை என் பள்ளி நாட்களில் நிறையக் கண்டிருக்கிறேன். கட்டுரை எழுதச் சொன்னால் பேனாவின் முனையைக் கடித்துக்கொண்டு, "ஒன்றும் தோன்றவில்லை, ஐயா" என்று முகத்தைப் பார்ப்பார்கள். மனப்பாடப் பகுதியை ஒப்பிக்கச் சொன்னாலோ ஓர் எழுத்துப் பிசகாது.

இந்தக் கேள்விக்கு விடை தேடி இன்று சங்கீதத்தின் பக்கம் உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். முன்னோர் இயற்றி வைத்ததைப் பாடுவதோடு நில்லாமல், சபையின் நடுவே அமர்ந்தபடியே புதிதாக இயற்றிப் பாடுவதைக் காவிரிக் கரையில் மனோதர்மம் என்கிறோம். அமெரிக்க நாட்டின் கறுப்பின மக்கள் வளர்த்த ஜாஸ் இசைக்கும் அதுவே உயிர். சிறு வயதில் பிடில் பயின்ற பழக்கத்தால் முன்னதில் எனக்குக் கொஞ்சம் பரிச்சயம் உண்டு. பின்னதில், ஓய்வு பெற்ற பிறகு பேத்திக்காக வாங்கிய கீபோர்டின் முன் உட்கார்ந்து, இசைத்தட்டுக்களைக் கேட்டும் புத்தகங்களைப் பார்த்தும் மாணவனாகவே இருந்து வருகிறேன். மாணவன் ஒருவன் மற்ற மாணவர்களுக்குச் சொல்லும் செய்தியாகவே இதைக் கொள்ளலாம்.

ஜாஸ் இசை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில் உருவாயிற்று. நாடகக் கொட்டகைகளுக்கும் திரைப்படங்களுக்கும் என்று எழுதப்பட்ட பாட்டுக்களுள் சில, காலப்போக்கில் ஜாஸ் வித்வான்கள் அனைவருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டன. அவற்றை 'ஸ்டாண்டர்டு' என்பார்கள். எல்லாரும் அறிந்த உருப்படி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். முன்பின் அறியாத நால்வர் ஒரு மேடையில் கூடினாலும், பாட்டின் பெயரையும் சுருதியையும் சொன்னால் போதும், கச்சேரி தொடங்கிவிடும். நம் ஊரில் பாடகரும் பிடில் வித்வானும் மிருதங்க வித்வானும் ஒத்திகை என்பதே இல்லாமல் மேடையில் சந்தித்துக்கொள்வதில்லையா, அதைப் போன்றதே இதுவும்.

அப்பாட்டுக்களில் மிகப் பல 32 பார்கள் கொண்டவை. ஒரு பார் என்பது பெரும்பாலும் நான்கு எண்ணிக்கை. எட்டு எட்டுப் பார்களாக நான்கு அடிகள். முதல், இரண்டாம், நான்காம் அடிகளுக்கு மெட்டு ஒன்றே, மூன்றாம் அடிக்கு மட்டும் வேறு. வித்வான்கள் முதலில் மெட்டை ஒரு முறை வாசிப்பார்கள். பிறகு மெட்டை விட்டுவிடுவார்கள். மெட்டுக்கு அடியில் ஓடும் சுரக்கூட்டுக்களின் வரிசையை மட்டும் விடமாட்டார்கள். சுரக்கூட்டு என்று நான் சொல்வது, மூன்று நான்கு சுரங்களை ஒரே சமயத்தில் ஒலிப்பது. மேனாட்டார் அதைக் கார்டு என்பர். அந்த வரிசை சக்கரம் போல் சுற்றிச் சுற்றி வர, அதன்மேல் ஒவ்வொருவராகப் புதிய மெட்டைக் கட்டிக்கொண்டே போவார்கள். முடிவில் எல்லாரும் பழைய மெட்டுக்கு வந்து சேர்வார்கள். 1930இல் ஜானி கிரீன் மெட்டமைத்த 'பாடி அண்ட் சோல்' என்ற பாட்டை, 1939இல் கோல்மன் ஹாக்கின்ஸ் என்ற சாக்சபோன் வித்வான் இசைத்தட்டில் பதிவு செய்தார். தொடக்கத்தில் சில பார்கள் வரையே மெட்டின் சாயல் தெரியும். பிறகு அந்த மெட்டு வரவே இல்லை. ஆயினும் அது அதே பாட்டு என்பது கேட்பவர் எவர்க்கும் தெரியும். அடியில் ஓடும் வரிசை அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

நம் கற்பனைச் சுரத்தின் அமைப்பும் ஏறத்தாழ இதுவே. கீர்த்தனையின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அவ்வரி தொடங்கும் இடத்துக்கு ஒவ்வொரு முறையும் தவறாமல் வந்து சேரும்படி சுரங்களைப் பாடுகிறோம். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அவர்களுக்கு நில்லாமல் மாறிக்கொண்டே வரும் சுரக்கூட்டுக்கள் வரம்பு. நமக்கு ஆதாரசுருதி அசையாமல் நிற்க, இராகம் வரம்பு. அவர்கள் ஓடுகிற ரயிலில் நடந்து பழகுகிறார்கள். நாம் ஒரே வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் இருட்டில் தடவித் தெரிந்துகொள்கிறோம். நிரவலில் சாகித்தியச் சொற்களை அவை தாளத்தில் விழும் இடங்களிலேயே நிறுத்தி வைத்து, மெட்டை மட்டும் விரித்துக்கொண்டு போகிறோமே, அதற்கு ஈடான ஒன்றை ஜாஸ் இசையில் நான் கேட்டதில்லை.

இனி, பியானோவில் இதைக் கற்பவன் எப்படித் தொடங்குகிறான் என்று பார்ப்போம். தொடக்கத்தில் அவனுக்குக் கற்பனை என்ற பேச்சே கிடையாது. பாட்டின் மெட்டை ஒற்றை விரலால் வாசிக்கிறான். பாட்டின் சொற்களை வாய்விட்டுப் பாடவும் பழகுகிறான், ஏனெனில் மூச்சு விடும் இடம் சொல்லில்தான் தெரியும். அடுத்து, இடக்கையால் ஒவ்வொரு கூட்டுக்கும் உரிய அடிச்சுரத்தை மட்டும் சேர்க்கிறான். அதற்கடுத்த படியைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பள்ளியில் ஆர்மோனியம் இருந்தாலும் போதும், நீங்களே செய்து பார்க்கலாம்.

சங்கராபரணத்தின் சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ரி, ம, த, ஸ என்னும் நான்கும் ஒரு கூட்டு. ப, நி, ரி, ம என்பது இரண்டாவது கூட்டு. ஸ, க, ப, நி என்பது மூன்றாவது. இந்த மூன்றும் இதே வரிசையில் வருவது ஜாஸ் பாட்டுக்களில் எங்கும் காணப்படும். நம் கச்சேரிகளில் தீர்மானம் வருவது போல அடிக்கடி வரும். நான்கு சுரங்களையும் அழுத்த வேண்டுமென்பதில்லை. ஒவ்வொரு கூட்டிலும் இரண்டாவதாகவும் நான்காவதாகவும் நான் சொன்ன சுரங்களை மட்டும் வைத்துக்கொண்டாலே கூட்டின் குணம் விளங்கிவிடும். முதற் கூட்டில் அவை ம, ஸ. இரண்டாவதில் நி, ம. மூன்றாவதில் க, நி. இப்போது விரல்களைக் கவனியுங்கள். முதலிலிருந்து இரண்டாவதற்குப் போகையில் மத்திமம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஸட்ஜம் மட்டும் ஒரு கட்டை இறங்கி நிஷாதமாகிறது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்குப் போகையில் நிஷாதம் அசைவதில்லை; மத்திமம் ஒரு கட்டை இறங்கிக் காந்தாரமாகிறது. ஒரு விரல் நிற்க ஒரு விரல் நகர்கிறது, அவ்வளவே. பார்ப்பதற்குப் பெரிய வித்தை போலத் தோன்றுவது, கிட்டே போய்ப் பார்த்தால் இத்தனை சிறிய அசைவு. இதைப் பன்னிரண்டு சுருதிகளிலும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வரை மாணவனை விடமாட்டார்கள். நம் சரளி வரிசையையும் ஜண்டை வரிசையையும் மூன்று காலங்களில் பாடச் சொல்லி நம்மை வாட்டிய வாத்தியார்களை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் ஓர் ஆச்சரியம் சொல்கிறேன். அம்சத்வனி இராகத்தின் சுரங்கள் ஸ, ரி, க, ப, நி என்னும் ஐந்து. இந்த ஐந்தையும் பியானோவில் ஒரே சமயத்தில் அழுத்தினால் எழுவது, ஜாஸ் வித்வான்கள் பாட்டை முடிக்கும்போது மிக விரும்பிக் கையாளும் கூட்டு. மேலே சொன்ன மூன்றாவது கூட்டோடு ரிஷபத்தைச் சேர்த்தால் அதுவே கிடைக்கிறது. அம்சத்வனியை உண்டாக்கியவர் முத்துசுவாமி தீட்சிதரின் தந்தையார் இராமசுவாமி தீட்சிதர். திருவாரூரில் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்த ஐந்து சுரங்கள், கடல் கடந்த நாட்டில் ஒரே கொத்தாகக் கையில் விழுகின்றன. ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றார் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டா. பன்னிரண்டு கட்டைகளுக்குள் நல்ல சேர்க்கைகளைத் தேடுகிறவர்கள் சில இடங்களில் ஒரே வாசலில் வந்து நிற்பார்கள்.

இந்த இராகத்தில் அமைந்த 'வாதாபி கணபதிம்' உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். திருச்செங்காட்டங்குடியில் கோயில் கொண்ட கணபதியைப் பற்றி முத்துசுவாமி தீட்சிதர் இயற்றியது. இன்று நாம் கேட்கும் அடுக்கடுக்கான சங்கதிகளில் பல, வையச்சேரியில் 1844இல் பிறந்த மகா வைத்தியநாதையர் சேர்த்துப் பாடிப் பரப்பியவை என்று சங்கீத அறிஞர்கள் கூறுவர். பாட்டு தீட்சிதருடையதே, அதைச் சபைக்கு ஏற்றபடி அலங்கரித்து அமைத்தவர் இன்னொருவர். ஜாஸ் வித்வான்கள் ஒரு ஸ்டாண்டர்டை எடுத்து, அதன் காலத்தை மாற்றி, முகப்பு ஒன்று வைத்து, சுரக்கூட்டுக்களுக்கு நடுவே புதிய கூட்டுக்களைச் செருகி, தம் கைவண்ணமாக அமைத்துக்கொள்வதும் இதே வேலைதான். அதற்கு அவர்கள் அரேஞ்ச்மென்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மவர் பாடாந்தரம் என்று சொல்லிவிட்டு, அமைத்தவர் பெயரைப் பல வேளைகளில் மறந்துவிடுகிறார்கள். இது எனக்குக் குறையாகவே படுகிறது.

பியானோவுக்கு ஒரு வறுமை உண்டு. அதில் சுரத்தை அசைக்க முடியாது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே வழி கிடையாது. தோடியின் காந்தாரத்தைப் பியானோவில் தேடினால் கட்டை கிடைக்கும், தோடி கிடைக்காது. இந்தக் காரணத்தால்தான் இதே வானொலி நிலையத்தார் 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உள்ளே விடாமல் வைத்திருந்தனர். அந்தத் தடை சற்றுக் கடுமையானதே என்பது என் கருத்து. வானொலியில் பேசிக்கொண்டே சொல்கிறேன், நிலையத்தார் பொறுத்துக்கொள்வார்களாக. பிடிலும் வெளிநாட்டு வாத்தியந்தான். தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் கையில் எடுத்த பிறகு அது நம் வாத்தியமாகிவிட்டது, ஏனெனில் அதில் விரல் வழுக்கிச் செல்ல இடமிருந்தது. தீட்சிதரே ஐரோப்பிய மெட்டுக்களுக்குச் சம்ஸ்கிருதச் சாகித்தியம் அமைத்து நோட்டுஸ்வரம் என்னும் வகையை நமக்குத் தந்திருக்கிறார். நம் காலத்தில் நாகப்பட்டினத்தை அடுத்த சிக்கிலைத் தம் பெயரோடு கொண்ட பாடகர் குருசரணும், பியானோக் கலைஞர் அனில் ஸ்ரீநிவாசனும் சேர்ந்து பல ஆண்டுகளாகக் கச்சேரி செய்து வருகின்றனர். கமகம் குரலிடம் இருக்கிறது. பியானோ சுரக்கூட்டுக்களால் அதற்குச் சுற்றுப்புறம் அமைக்கிறது. சில இடங்களில் அந்தக் கூட்டு இராகத்தை வேறு வீட்டுக்கு இழுத்துச் செல்வது போல என் காதுக்குத் தோன்றும். வேறு சில இடங்களில், பல முறை கேட்டுத் தேய்ந்த வரி கழுவி வைத்தாற்போல் பளிச்சென்று நிற்கும்.

பாடகரின் குரல் ஒரு வாத்தியத்திடம் பாடம் கேட்பதும், ஒரு வாத்தியம் இன்னொரு வாத்தியத்திடம் கேட்பதும் புதிதன்று. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத்தில் பொழிந்த வேகமான பிருகாக்களைத் தம் குரலில் கொண்டுவர முயன்றவர் ஜி. என். பாலசுப்பிரமணியம் என்று சொல்வதுண்டு. அமெரிக்காவில் ஏர்ல் ஹைன்ஸ் என்ற பியானோ வித்வானின் வலக்கை வாசிப்புக்கு 'டிரம்பெட் பாணி' என்றே பெயர். லூயி ஆம்ஸ்டிராங்கின் ஊதுகுழல் வாசிப்பு அதில் அப்படிக் கேட்கும். இருவரும் சேர்ந்து 1928இல் பதிவு செய்த தட்டுக்கள் இன்றும் கிடைக்கின்றன.

இங்கே கணக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். கற்பனை வந்தபடி ஓடும், கணக்கு அதைக் கட்டிப்போடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். கையில் தாளம் போட்டுப் பாருங்கள். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் எட்டு எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரையாக 32 மாத்திரை. (ஜாஸ் பாட்டின் 32 பாரும் இதுவும் எண்ணால் ஒன்று, அளவால் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டா.) அம்சத்வனியில் 'க ப க ரி ஸ நி' என்று ஆறு மாத்திரைக்கு ஒரு பிடி வைத்துக்கொள்ளுங்கள். அதை மூன்று முறை பாடி, நடுவே இரண்டு இடங்களில் ஒவ்வொரு மாத்திரை இடைவெளி விட்டால், மொத்தம் இருபது மாத்திரை. முப்பத்திரண்டில் இருபது போகப் பன்னிரண்டு. அதாவது மூன்று எண்ணிக்கை. தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல் என்று மூன்றும் போன பின், நடுவிரல் படும்போது தொடங்கினால், மூன்றாவது முறை முடிந்ததும் அடுத்த தட்டு விழும். பாட்டு அங்கே வந்து கலந்துகொள்ளும். பிடியை ஐந்து மாத்திரையாகக் குறைத்தால் பதினேழுதான் ஆகும். அப்போது நடுவிரல் எண்ணிக்கையின் கடைசி மாத்திரையில் புறப்பட வேண்டும். ஆறு மாத்திரையில் சொன்ன சுரங்களில் எதை விடுவது? அதைத் தேடும்போது, நீங்கள் அறியாமலேயே புதிய பிடி ஒன்று பிறந்துவிடுகிறது. வெற்றுத் தாளைக் கொடுத்து எழுது என்றால் விழிக்கும் பிள்ளையிடம், ஐந்து மாத்திரைக்குள் முடி என்று சொல்லிப் பாருங்கள். உடனே வேலை தொடங்கிவிடுவான்.

டேவ் புரூபெக் என்ற ஜாஸ் பியானோ வித்வான் 1958இல் தம் குழுவினருடன் இந்தியாவுக்கு வந்தார், சென்னைக்கும் வந்தார். மறு ஆண்டு அக்குழுவினர் பதிவு செய்த 'டேக் ஃபைவ்' என்ற உருப்படி ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் அமைந்து உலகப் புகழ் பெற்றது. அதை இயற்றியவர் அக்குழுவின் பால் டெஸ்மண்ட். நான்கு எண்ணிக்கையிலேயே பழகிய மேனாட்டுச் செவிகளுக்கு அது பெரும் புதுமையாக இருந்தது. கண்டசாபுவில் காலாட்டிப் பழகிய நமக்கு அந்தத் தாளத்தில் வியப்பில்லை. அதன்மேல் சாக்சபோன் பாடும் பாட்டில்தான் வியப்பு.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் சச்சரவுக்கு உரியது. இந்நாளில் போட்டிகளில் பாட வரும் சிறுவர் சிறுமியர் சிலர், இராக ஆலாபனையையும் கற்பனைச் சுரத்தையும் முன்கூட்டியே பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பித்துவிடுகிறார்கள். நடுவராக உட்கார்ந்திருப்பவர்க்கு இது தெரியாமற் போகாது. இதை மோசடி என்று சினந்து பேசுவோர் உண்டு. அவ்வளவு சினம் எனக்கு இல்லை. 1936ஆம் ஆண்டில், பதினாறு வயதும் நிரம்பாத சார்லி பார்க்கர் என்ற பையன் கான்சாஸ் நகரில் பெரிய வித்வான்களின் நடுவே வாசிக்கப் போய்த் திணறினான்; தாள வாத்தியக்காரர் ஜோ ஜோன்ஸ் தம் தாளத்தட்டு ஒன்றைக் கழற்றி அவன் காலடியில் எறிந்து, இறங்கிப் போ என்று உணர்த்தினார். மறு கோடையில் அப்பையன் ஓசார்க் மலைப்பகுதியில் ஒரு குழுவோடு தங்கியிருந்தபோது, லெஸ்டர் யங் என்ற வித்வானின் இசைத்தட்டுக்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அவர் கற்பனையாக வாசித்தவற்றைச் சுரம் பிசகாமல் பாடம் செய்தான். 1945இல் அதே பார்க்கர், 'செரோக்கி' என்ற பாட்டின் சுரக்கூட்டு வரிசையின்மேல் 'கோ-கோ' என்று பதிவு செய்ததைக் கேட்டால், லெஸ்டர் யங் எங்கே ஒளிந்திருக்கிறார் என்று தேடித்தான் பார்க்கவேண்டும்.

ஆகவே பிறர் கற்பனையைப் பாடம் செய்வது தேவையான படியே. நம் முன்னோரும் இதை அறிந்திருந்தனர். வர்ணத்தின் சிட்டைச் சுரங்கள் எதற்கு? இந்த இராகத்தில் சுரம் பாடினால் இப்படி இருக்கும் என்று காட்டும் மாதிரிகள் அல்லவா அவை? சியாமா சாஸ்திரியாரின் குருவான பச்சிமிரியம் ஆதியப்பையரின் பைரவி அட தாள வர்ணத்தை ஒருவன் செவ்வையாகப் பாடம் செய்துவிட்டால், பைரவியில் அவன் வழி தவறுவது அரிது. குற்றம் பாடம் செய்ததில் இல்லை. அந்தப் பாடத்தைக் கற்பனை என்று பெயரிட்டுப் பரிசு பெறுவதில்தான் இருக்கிறது. அதில் பிள்ளையைவிடப் பெரியவர்களுக்கே பங்கு அதிகம். ஒரு பையனுக்கு நான்கு ஆவர்த்தனம் சொந்தமாகப் பாட வாய்ப்புக் கொடுத்து, அதில் இரண்டு இடறினாலும் பரவாயில்லை என்று கேட்கும் சபை வேண்டும். அத்தகைய சபை ஒரு காலத்தில் தஞ்சை மாவட்டத்தின் வீதிகளில் இருந்தது.

கோயில் உற்சவங்களில் சுவாமி புறப்பாட்டின்போது, கம்பீரநாட்டையில் மல்லாரி ஒலித்து வாகனம் அசைந்த பின், நாகசுர வித்வானுக்கு அருகில் ஒரு சிறுவன் ஒத்து ஊதிக்கொண்டு நிற்பான். ஒத்து என்பது நாகசுரத்தின் வடிவிலேயே, ஒரே சுரத்தை ஆதாரசுருதியாக இடைவிடாமல் ஒலிக்கும் குழல். அவனுக்கு வேறு வேலை இல்லை. கன்னம் உப்ப, மூச்சு அறாமல், அந்த ஒற்றைச் சுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். என் சிறு வயதில் அந்தப் பையன்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறேன்; இரவு முழுவதும் ஒரே சுரம், என்ன வாழ்க்கை இது என்று. இன்று யோசிக்கையில் அதைவிட நல்ல வகுப்பறை இருந்திருக்க முடியாது என்று தோன்றுகிறது. நான்கு வீதிகளையும் ஊர்வலம் சுற்றி முடிய விடியற்காலம் ஆகும். ஒரு தெரு முழுவதும் காம்போதி ஆலாபனை, திருப்பத்தில் கலியாணி, அடுத்த தெருவில் பல்லவி. குருவின் மூச்சு எங்கே நிற்கிறது, எந்தப் பிடியை இரண்டு முறை எடுத்து மூன்றாம் முறை விடுகிறார், தவில்காரர் கணக்கு வைக்கும்போது அவர் கண் எங்கே போகிறது, ஒரு பிடி சரியாக விழாதபோது அதையே எப்படி அடுத்த பிடிக்குப் படியாக்குகிறார் என்பதெல்லாம் ஒரு முழ தூரத்தில் நின்று பார்த்தவன் அவன். சுருதி அவன் வாயில், இராகம் அவன் காதில். ஒத்து ஊதிய சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நாள், கூட்டம் குறைந்த தெரு ஒன்றில், "நீ கொஞ்சம் வாசி" என்று குரு சொல்வார். சாமி தூக்குகிறவர்களும் தீவட்டி பிடிக்கிறவர்களுமே அந்நேரத்துச் சபை.

சுருதிப்பெட்டி வந்தது, பிறகு மின்சாரத்தில் ஓடும் சுருதிப்பெட்டி வந்தது. சுருதி பிசகாது, களைக்காது, சாப்பாடு கேட்காது. ஆனால் அது நின்ற இடம் அந்தப் பையனுடைய இடம். ஒத்துக்காரனுக்குக் கொடுக்கும் சில்லறையை மிச்சம் பிடித்ததில் ஒரு பள்ளிக்கூடமே மூடப்பட்டது என்பதை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சியே. குழல் காப்பாற்றப்பட்டது. அதன் பக்கத்தில் நின்று கேட்கும் இடத்துக்கு யார் குறியீடு கொடுப்பார்கள்?

அமெரிக்காவிலும் இதே கதையைக் காணலாம். முற்காலத்து ஜாஸ் வித்வான்களுக்கு இரவு விடுதிகளில் கச்சேரி முடிந்த பின் விடியும் வரை கூடி வாசிக்கும் வழக்கம் இருந்தது. இளையவர்கள் ஓரத்தில் நின்று கேட்டு, துணிவு வந்தபோது ஒரு சுற்று வாசித்துப் பார்ப்பார்கள். பார்க்கர் திணறியதும் அத்தகைய இடத்தில்தான். இன்று அங்கே ஜாஸ் பெரும்பாலும் கல்லூரிப் பாடமாகிவிட்டது, பட்டம் கொடுக்கிறார்கள். நமக்கும் திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி உண்டு. கல்லூரிகளை நான் குறை சொல்ல மாட்டேன். நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் பாடம் நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை வகுப்பில் நின்று அறிந்தவன் நான். ஆயினும் மணி அடித்ததும் முடிகிற வகுப்பில் விடியும் வரை நீளும் காம்போதி கிடைக்காது. ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு, அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்று ஒரு விதி சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல விதிதான். ஒத்துக்காரப் பையனோ தனக்கு விளங்காத பெரியதொன்றின் நடுவே பல ஆண்டுகள் நின்று, பிறகு அதிலிருந்து சிறிது சிறிதாக அறிந்ததைப் பொறுக்கிக்கொண்டான். இந்த முறைக்கு எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் ஓர் அத்தியாயமும் இருக்கவில்லை.

திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனைக்குச் செல்லும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. புஷ்ய பகுள பஞ்சமியன்று காலையில் நூற்றுக்கணக்கானோர் கூடிப் பஞ்சரத்தினங்களைப் பாடுவதைத்தான் எல்லாரும் காணப் போகிறார்கள். அது அழகான காட்சி. ஆனால் அங்கே மனோதர்மத்துக்கு இடமில்லை, எல்லாரும் ஒன்றையே பாடவேண்டும். அதோடு ஊர் திரும்பிவிடாமல், மற்ற நேரங்களில் நடக்கும் கச்சேரிகளுக்கு உட்காருங்கள். பந்தலின் பின்புறத்தை விட்டு, பக்கவாத்தியக்காரர்களின் முகம் தெரியும் இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் கீபோர்டோ பள்ளியில் ஆர்மோனியமோ உள்ளவர்கள் இன்று மாலையே ஒன்று செய்து பார்க்கலாம். கறுப்புக் கட்டைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கட்டைகள் சேர்ந்து நிற்கும் கூட்டத்தின் முதற்கட்டையை ஸட்ஜமாக வைத்து வரிசையாக அழுத்தினால் மோகனம். அதே கட்டைகளில் இரண்டாவதை ஸட்ஜமாகக் கொண்டால் மத்தியமாவதி; மூன்றாவதை ஸட்ஜமாகக் கொண்டால் இந்தோளம். அடுத்துள்ள இரட்டைக் கட்டைகளில் முதலாவதில் தொடங்கினால் சுத்த சாவேரி, இரண்டாவதில் தொடங்கினால் சுத்த தன்யாசி. கட்டைகள் ஐந்தே, நிற்கும் இடம் மாறியதும் இராகம் மாறிவிட்டது. நண்பன் ஒருவனை ஸட்ஜத்தை மட்டும் விடாமல் அழுத்திக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். அவன்தான் உங்கள் ஒத்து. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மோகனப் பாட்டு ஒன்றின் முதல் வரியை வாசித்துவிட்டு, ஓர் ஆவர்த்தனம் சொந்தமாக ஏதேனும் வாசித்து, அந்த வரிக்குத் திரும்பி வாருங்கள். வந்து சேர முடியாவிட்டால் மாத்திரைகளை எண்ணிக்கொண்டிராமல், கை தாளம் போட, அந்த வரியை மனத்துக்குள் பாடிக்கொண்டே மீண்டும் வாசியுங்கள். திரும்ப வேண்டிய இடம் காதுக்குத் தெரிந்துவிடும். பத்து ஆவர்த்தனம் ஆனதும் நண்பனை உங்கள் இடத்தில் உட்காரவைத்து, நீங்கள் ஸட்ஜத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.